கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்

1

நாங்கள் இருக்கும் ஊர் டொரன்டோவிலிருந்து மேற்கே ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். சனிக்கிழமை காலையில் இங்கே பொது நூலகத்தின் கீழ்த்தளத்தில் தமிழ் வகுப்பு நடக்கும். பிள்ளைகள் உள்ளே எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்க, பெற்றோர்கள் நாங்கள் வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்து அவரவர் பிளாஸ்கிலிருந்து காபி குடிப்போம். பேச்சு எங்கே தொடங்கினாலும் பிள்ளைகள் கூப்பிட்டால் வருவதில்லை என்பதில்தான் வந்து நிற்கும். காதில் எதையாவது மாட்டிக்கொள்கிறார்கள், தமிழில் கூப்பிட்டால் தங்களை இல்லை என்பதுபோல் இருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு குறை.

போன சனிக்கிழமை யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர் தன் மகனை ஐந்தாறு தரம் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்கட மகள் நல்ல பிள்ளை. ஒருக்காக் கூப்பிட்டாலே ஓடி வருது. எப்பிடிப் பழக்கினீங்கள்?"

நான் சிரித்து வைத்தேன்.

ஆதிரைக்குப் பத்து வயது. அந்த அம்மா சொன்னது உண்மைதான். நான் ஒரு முறை கூப்பிட்டால் போதும். குளித்துக்கொண்டிருந்தால் சோப்பு நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வருவாள். பல் துலக்கிக்கொண்டிருந்தால் வாயில் பிரஷ்ஷோடு வருவாள். ஜனவரியில் ஒரு நாள் காரிலிருந்து மளிகைப் பைகளை இறக்கக் கூப்பிட்டேன். வெறும் காலுறையோடு பனியில் இறங்கி வந்து நின்றாள். வந்து நின்றதும் அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலில் என் இடது பக்கம் பார்ப்பாள், பிறகு வலது பக்கம். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் "என்னப்பா?" என்பாள்.

திண்டிவனத்தில் அது நடந்து ஓராண்டு ஆகிறது. உங்களில் சிலர் ஏதாவது ஒரு வடிவத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிள்ளைகளை யாரோ அடைத்து வைத்தார்கள் என்றும், விஷ வாயு என்றும், வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் ஆள் ஏதோ செய்துவிட்டான் என்றும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்த ஆள் நான்தான். திண்டிவனத்தில் பிறந்து விழுப்புரத்தில் கல்லூரி படித்தவன்.

2

முதலில் இங்கே பள்ளிகளில் நடக்கும் ஒரு பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீயணைப்புப் பயிற்சி நம் ஊரிலும் உண்டு. மணி அடித்தால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும். இது அதற்கு நேர்மாறு. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்ததும் ஆசிரியர் கதவைப் பூட்டுவார், விளக்கை அணைப்பார், திரையை இழுத்துவிடுவார். பிள்ளைகள் கதவின் கண்ணாடி வழியாகத் தெரியாதபடி ஒரு சுவரை ஒட்டி உட்கார்ந்து அசையாமல் இருக்க வேண்டும். ஆயுதத்தோடு யாராவது பள்ளிக்குள் வந்தால் வகுப்பறை காலியாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. இதற்கு லாக்டவுன் என்று பெயர். ஆண்டுக்கு ஓரிரு முறை நடக்கும்.

ஒன்றாம் வகுப்பில் முதல் பயிற்சி முடிந்து வந்த அன்று சாப்பிடும்போது ஆதிரை அதை உற்சாகமாகச் சொன்னாள். மிஸ் ஆளுக்கொரு குச்சி மிட்டாய் கொடுத்தாராம். வாயில் மிட்டாய் இருந்தால் பேச்சு வராதாம். வெளியே யாரோ ஒவ்வொரு கதவாகக் கைப்பிடியைத் திருகிப் பார்த்துக்கொண்டே போனார்களாம்.

"எங்க கதவும் திரும்புச்சுப்பா. யாரும் மூச்சே விடல."

பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க வந்து தட்டினா திறக்கலாம்தானே?"

ஒரு நல்ல அப்பா அந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன். நான் சொன்னது இதுதான். "கூடாது. நான் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. யாராவது என்னைப் புடிச்சு வெச்சிக்கிட்டு, கூப்புடுன்னு சொல்லி மிரட்டியிருக்கலாம்."

அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே பயிற்சி வைத்தேன். துணி அலமாரிக்குள் அவள் ஒளிந்துகொள்வாள். நான் வெளியே நின்று கூப்பிடுவேன். முதலில் சாதாரணமாக. பிறகு அதட்டி. பிறகு ஐஸ்கிரீம் வாங்கி வந்திருப்பதாக. ஒரு நாள் அழுகிற குரலிலும் கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. அலமாரியைத் திறந்தால் முழங்காலைக் கட்டிக்கொண்டு சிரிப்பாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

என் மனைவி ரேவதி இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். வேலை முடிந்து வந்தவள் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டாள். திண்டிவனத்துக்கு அருகே வல்லத்துப் பக்கத்துக்காரி, கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும். "புள்ளைய வெச்சிக்கினு இன்னா வெளையாட்டு இது? பெத்தவன் அழுவுற சத்தத்துக்கு வராத புள்ள வேற யாருக்கு வரும்?" என்றாள். அவளுக்கு இந்த நாட்டின் ஆபத்து புரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

3

அப்பா இறந்த பிறகு திண்டிவனத்து வீட்டின் பட்டாவை மாற்ற வேண்டியிருந்தது. வாரிசுச் சான்றிதழில் என் பெயரின் முதலெழுத்து தவறாக இருந்தது. அதைத் திருத்த ஒருவர் கையெழுத்து, அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க இன்னொருவர் கையெழுத்து என்று நான்கு மாதம் ஆகும் போலிருந்தது. ரேவதிக்கு ஷிப்ட் வேலை, மகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. அதனால் ஆதிரையை என்னோடு அழைத்துக்கொண்டு சாந்தி அக்கா வீட்டில் வந்து தங்கினேன். அக்கா வீட்டுக்குப் பள்ளி வேன் வரும் என்பதால், திண்டிவனத்துக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவில் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே இருக்கும் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு பி பிரிவில் சேர்த்தேன்.

சேர்ப்பதற்கு டி.சி., அதாவது மாற்றுச் சான்றிதழ், கேட்டார்கள். கனடாவில் அப்படி ஒன்று கிடையாது. அங்கிருக்கும் பள்ளிச் செயலாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். எதை எங்கே மாற்ற வேண்டும் என்று அவர் கேட்டு எழுதினார். கடைசியில், ஆதிரை அன்பான குழந்தை, பொருட்களைப் பகிர்ந்துகொள்வாள் என்று ஒரு கடிதம் வந்தது. திண்டிவனத்துப் பள்ளிக் கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீல் இல்லாத பேப்பர வெச்சிக்கினு நான் இன்னா சார் பண்றது?"

மறுபடி எழுதிக் கேட்டதில், அந்தச் செயலாளர் கையில் கிடைத்த நூலக முத்திரையைக் குத்தி அனுப்பினார். அதில் ஓர் ஆந்தை கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தது. கிளார்க் திருப்தியோடு கோப்பில் வைத்துக்கொண்டார். ஆதிரைக்கு வருகைப் பதிவேட்டில் கடைசி எண், நாற்பத்தொன்று.

நான் படித்த காலத்தில் என் அப்பாவுக்குப் பள்ளியைப் பற்றிப் பயம் இருந்ததில்லை. நெடுஞ்சாலையைப் பற்றித்தான் பயம். லாரிகளுக்கு நடுவே கையைப் பிடித்துக் கடக்க வைப்பார். அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டால் அவர் பொறுப்பு முடிந்தது, திரும்பிப் பார்க்க மாட்டார். பள்ளிக்குள் என்ன நடந்தாலும் அது வாத்தியார் கணக்கு. என் வகுப்பில் ஒருவனுக்கு வாத்தியார் அறைந்ததில் ஒரு காது கேட்காமல் போனது. அவன் அப்பா வந்து, பையன் அடங்கினானா என்றுதான் கேட்டார். அதை யாரும் ஆபத்து என்று சொல்லவில்லை. இதையெல்லாம் பார்த்து வளர்ந்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் இருந்தது.

4

சேர்த்த மூன்றாவது வாரம் பெற்றோர் கூட்டம். பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிப் பேசலாம் என்று பிரின்சிபால் மேடம் சொன்னார். ஒருவர் வேன் டிரைவர் போன் பேசிக்கொண்டே ஓட்டுகிறார் என்றார். ஒருவர் தெருநாய் என்றார். தண்ணீர்த் தொட்டி மூடி உடைந்திருக்கிறது, ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கழிவறைப் பக்கம் கட்டட வேலைக்காரர்கள் நிற்கிறார்கள் என்றெல்லாம் வந்தது. செல்வி என்ற அம்மா, நிலக்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லில் வேலை பார்ப்பவர், வேன் பிள்ளைகளை நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது என்றார். அவர் மகள் ஜெனிஃபர், எல்லோருக்கும் ஜெனி, ஆதிரையின் பெஞ்சில் உட்காருபவள். ஜெனிக்கு வீசிங் உண்டு, ஓட முடியாது என்றும் சொன்னார்.

என் முறை வந்தது. எழுந்து நின்று, வகுப்பறைக் கதவுகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லையே, வெளியாள் யாராவது நுழைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கனடாவில் என்ன செய்கிறார்கள் என்று பத்து நிமிடம் விளக்கினேன். ஆசிரியர் இல்லாத நேரத்திலும் போட முடிகிற மாதிரி பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். தாளாளர் நாற்காலியின் நுனிக்கு வந்து கேட்டார். வெளிநாட்டுப் பள்ளி மாதிரி என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது.

செல்வி மட்டும் மறுத்தார். "உள்ள தாப்பா வேணாம் சார். புள்ளைங்க வெளையாட்டுக்குப் போட்டுக்கும். எங்க ஊரு பால்வாடியில ஒண்ணு மாட்டிக்கினு கதவ ஒடச்சி எடுத்தாங்க."

நான் அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போது கூசுகிறது. "யாரும் வந்துட மாட்டாங்கம்மா. வந்தா என்னங்கறதுதான் கேள்வி" என்று முடித்தேன். இரண்டே நாளில் ஆசாரி வந்து நான்காம் வகுப்பு பி பிரிவில் முதலாவதாக ஒரு கனமான தாழ்ப்பாளைப் பொருத்தினார். மற்ற வகுப்புகளுக்குப் பிறகு என்றார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் ஆதிரை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திச் சுவரோரம் உட்கார வேண்டும். யார் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பேசக் கூடாது. பேசினால் எல்லோரும் செத்துப்போனதாகக் கணக்கு. பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

5

அன்று காலை விழுப்புரம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வி.ஏ.ஓ. கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திண்டிவனம் பஸ்ஸில் ஏறி விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நின்றபோது போன் அதிரத் தொடங்கியது. வகுப்புப் பெற்றோர் குழுவில் அடுத்தடுத்து செய்திகள். ஸ்கூல்கிட்ட வெடிச் சத்தம் கேட்டதா என்று ஒருவர். நாலு பி கதவு திறக்கவில்லை என்று ஒருவர். உள்ளே யாரோ ஆள் இருக்கிறான், பிள்ளைகள் மயங்கிக் கிடக்கிறார்கள் என்று இன்னும் சிலர். பிறகு யாரோ ஒரு குரல் பதிவைப் போட்டார்கள். காதில் வைத்துக் கேட்டேன். பேச்சு எதுவும் இல்லை. பல பெண்கள் ஒரே நேரத்தில் பல பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பவித்ரா, ரஹீம், ஜெனி, சஞ்சய். ஒரு பெயருக்கும் பதில் இல்லாமல் அந்தப் பதிவு முடிந்தது.

அக்கா கூப்பிட்டாள். "தம்பி, எங்க வந்துக்கினு இருக்க? ஜல்தியா வாடா. புள்ளைங்க சத்தமே இல்லடா உள்ள." கடைசி வாக்கியத்தை அவள் மெதுவாகத்தான் சொன்னாள். என் அக்கா மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

கூட்டேரிப்பட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நெடுஞ்சாலையோரம் ஒரு சாவு ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. மேளம், உதிரிப் பூ, நடுநடுவே நாட்டு வெடி. வெடி வெடித்தபோது என் உடம்பு தூக்கிப்போட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "சாவு வெடி சார், காலைல இருந்து வெச்சிக்கினே இருக்காங்க" என்றார்.

பள்ளி வாசலில் இருசக்கர வண்டிகள் விழுந்து கிடந்தன. மற்ற வகுப்புப் பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்திருந்தார்கள். நாலு பி வராந்தாவில் முப்பது நாற்பது பெற்றோர்கள். மில்லிலிருந்து தலையில் தூசியோடு வந்தவர்கள், கழனியிலிருந்து சேறு காயாமல் வந்தவர்கள். சுவரோரத் திண்டின் மேல் பெயர் எழுதிய தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. நாற்பத்தொன்று. ஒன்றையும் எடுத்துப் போகவில்லை. கதவு சாத்தியிருந்தது. ஜன்னல்கள் உள்ளே கொக்கி போட்டிருந்தன. மின்விசிறிச் சத்தம் இல்லை. ஒருவர் தரையில் படுத்துக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு எழுந்தார். "பைய அடுக்கி அடச்சி வெச்சிருக்குது. ஒண்ணும் தெரியல" என்றார்.

முக்கால் மணி நேரமாக இப்படி. உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்ற பேச்சால் கதவைத் தொடப் பயந்து, போலீஸ் வரட்டும் என்று பிரின்சிபால் காத்திருந்தார். வகுப்பாசிரியை கலைவாணி மிஸ், இருபத்தைந்து வயது இருக்கும், நோட்டுகளை எடுத்துவர ஐந்து நிமிடம் வெளியே போனவர், தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

படிக்கட்டுக்குப் பின்னாலிருந்து அந்த வகுப்புச் சிறுமி ஒருத்தியை ஆயா கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். தர்ஷினி. பாத்ரூம் போய்விட்டு வந்து தட்டியிருக்கிறாள், யாரும் திறக்கவில்லை. அதனால் தான் ஆட்டத்தில் தோற்றுவிட்டதாக நினைத்து ஒளிந்து அழுதிருக்கிறாள்.

"ஆதிரை சொல்லிச்சி மிஸ். வெடிச் சத்தம் கேட்டா நெசமாவே வெளையாடணும்னு. நான் அவுட்டு மிஸ்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளே ஆள் இல்லை. என் மகள்தான் இருந்தாள். அவளோடு முப்பத்தொன்பது பிள்ளைகள். வந்த நாளிலிருந்து சாவு ஊர்வலம் பார்க்காத ஒரு பெண், வெடிச் சத்தத்துக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே அர்த்தத்தை எடுத்துக்கொண்டுவிட்டாள்.

நான் கதவருகே போய்க் கூப்பிட்டேன். "ஆதிரை, அப்பா வந்திருக்கேன். ஒண்ணுமில்ல. திற."

பதில் இல்லை. அந்த மாதிரி நிசப்தத்தை நான் கேட்டதில்லை. காலி அறையின் அமைதி வேறு. இது நாற்பது பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிற அமைதி.

செல்வி என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் இன்ஹேலர். "ஜெனி பையில ஒண்ணு இருக்கும் சார். இது வூட்டுல வெச்சிருக்கறது. பைய கதவாண்ட அடுக்கிட்டாங்களே, எடுத்திருப்பாளா?" என்றார். கத்தவில்லை, கேட்டார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கதவில் நெற்றியை வைத்து, "ஆதிரை, தயவுசெஞ்சு திறம்மா, ஜெனிக்கு மூச்சு வாங்கும், அப்பா கெஞ்சறேன்" என்று அழுதேன். அழுதுகொண்டே இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. நான் எவ்வளவு அழுகிறேனோ அவ்வளவு இறுக்கமாக அவள் உட்கார்ந்திருப்பாள். அப்படித்தான் நான் பழக்கியிருந்தேன்.

பின்னாலிருந்து யாரோ கடப்பாரையோடு வந்தார்கள். நான் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன். கதவை உடைத்தால் உள்ளே என்ன நினைப்பார்கள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கம்பி போட்ட ஜன்னலை நோக்கி நாற்பது பேரும் ஓடுவார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். அதைச் சொன்னேன். நான் சொல்லிக் கொடுத்ததையும் சொன்னேன், என் குரலுக்கும் திறக்காதே என்றதை. கடப்பாரை வைத்திருந்தவர் அதைத் தரையில் ஊன்றினார்.

"நீ இன்னா மனுசன்யா?" என்றார்.

6

வழி கண்டுபிடித்தது கலைவாணி மிஸ். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, எல்லோரும் வராந்தாவை விட்டு இறங்கிவிடுங்கள், ஒரு சத்தமும் வரக்கூடாது என்றார். இறங்கினோம். அவர் கதவுக்கு நேரே, வகுப்பில் மேசைக்கு முன்னால் நிற்பதுபோல் நின்றார். பதிவேடு உள்ளே இருந்தது. மனப்பாடமாகவே, தினமும் காலையில் கூப்பிடுகிற அதே சலித்த குரலில், வருகைப் பதிவு எடுக்கத் தொடங்கினார்.

"அபிநயா."

ஒன்றும் இல்லை.

"அப்துல் ரஹீம்."

"பவித்ரா."

ஒவ்வொரு பெயருக்கும் பிறகு அவர் வழக்கமான நேரம் காத்திருந்தார். எங்களில் ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையிலிருந்து இன்னொரு வெடி. மிஸ் அதற்கு நிறுத்தவில்லை.

"தினேஷ்." "தர்ஷினி." வெளியே நின்ற தர்ஷினி, பழக்கத்தில், "பிரசன்ட் மிஸ்" என்றாள். உள்ளே எங்கோ ஒரு சிரிப்பு அடக்கப்படும் ஓசை கேட்டது. அதுதான் முதல் ஓசை.

"கோகுல்."

"பிரசன்ட் மிஸ்" என்று சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல். யாரோ அவனை உஷ் என்றார்கள்.

"ஹரிணி." "பிரசன்ட் மிஸ்."

"ஜெனிஃபர்."

நிசப்தம். செல்வியின் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அவருக்கே தெரிந்திருக்காது.

"ஜெனிஃபர்" என்றார் மிஸ் மறுபடியும், குரலை மாற்றாமல்.

"மிஸ், ஜெனிக்கு மூச்சு வாங்குது மிஸ். அவளால சொல்ல முடியல மிஸ்."

பிறகு பைகள் இழுபடும் சத்தம், தாழ்ப்பாள் சத்தம். கதவு திறந்தது. வியர்வையில் நனைந்த பிள்ளைகள் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள். செல்வி உள்ளே ஓடினார். ஜெனி உதடு வெளுத்து, தோள்கள் ஏறி இறங்க, சுவரோரம் சரிந்திருந்தாள். இன்ஹேலரை வாயில் வைத்து, ஒரு பைக்கில் நடுவில் உட்காரவைத்துத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனார்கள். நெபுலைசர் வைத்ததில் சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. சரியாகாமல் போயிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். எதையுமே எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

ஒரு பையன் என்னிடம் வந்து சட்டையை இழுத்தான். "அங்கிள், நாங்க ஜெயிச்சிட்டமா?"

பதிவேடு நாற்பத்தொன்றாவது பெயர் வரை போகவே இல்லை. ஆதிரை எழுந்திருக்கவில்லை. மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, கீழுதட்டில் பல் பதிந்த ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் முன்னால் மண்டியிட்டதும் என் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள்.

"அவங்க போயிட்டாங்களா?"

"யாரும் இல்லம்மா. சாவு வெடி. யாருமே இல்ல."

"நீங்க அழுதீங்க." அவள் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "பிராக்டிஸ்ல அழற மாதிரி இல்லப்பா. அதான் நிஜமாவே யாரோ உங்களப் புடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுது. நான் அழல. சத்தம் வரும்னு."

முக்கால் மணி நேரமாகக் கேட்ட மற்றக் குரல்களை அவள் தாங்கிக்கொண்டாள். கடைசிப் பத்து நிமிடம், கதவுக்கு அந்தப் பக்கம் தன் அப்பாவை யாரோ கொல்லப் போகிறார்கள் என்று நம்பிக்கொண்டு, நான் சொன்னபடியே அசையாமல் இருந்திருக்கிறாள்.

7

மறுநாள் ஆசாரி வந்து தாழ்ப்பாளைக் கழற்றினார். தாளாளர் என்னிடம் மரியாதையாக, மீதி இருக்கும் இரண்டு மாதத்துக்குப் பெண்ணை வீட்டிலேயே படிக்க வைத்துக்கொள்ளலாமே என்றார். வேன் பிள்ளைகளை எதிர்ப்பக்கம் இறக்கிவிடுவது பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

செல்வி வீட்டுக்குப் போனேன். ஜெனி கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். செல்வி ஒரு நாற்காலியைக் காட்டினார். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாங்க புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கறது ஒண்ணுதான் சார். எதுனா ஆச்சின்னா அம்மான்னு கத்து. யாராண்டயாவது ஓடு. நீங்க வாய மூடிக்கோன்னு சொல்லிக் குடுத்துக்கினு இருக்கீங்க." எழுந்து டிவி சத்தத்தைக் குறைத்தார். "உங்க ஊர்ல அதுதான் சரியோ இன்னாவோ. எனக்குத் தெரியாது. அப்பிடி இருந்தா அந்த ஊர்ல ஏன் சார் இருக்கீங்க?"

மல்லாட்டை உருண்டை ஒன்றைக் காகிதத்தில் மடித்து ஆதிரைக்குக் கொடுக்கச் சொன்னார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

8

திரும்பி வந்து பத்து மாதமாகிறது. இங்கே மருத்துவரிடம் காட்டினோம். பள்ளியில் ஓர் ஆலோசகர் வாரம் ஒருமுறை அவளோடு படம் வரைகிறார். நன்றாகத்தான் இருக்கிறாள் என்கிறார்கள். கூப்பிட்டால் ஓடி வருவதைச் சொன்னேன். அது நல்ல அறிகுறிதானே என்று கேட்டார் ஆலோசகர். இரண்டு பக்கமும் பார்ப்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் புரியவைக்க முயன்றேன். நான் சாலையைக் கடப்பதைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டு, நல்ல பழக்கம் என்றார்.

இந்த வாரம் பள்ளியிலிருந்து வழக்கமான கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு லாக்டவுன் பயிற்சி. பிள்ளைகளோடு முன்கூட்டியே அமைதியாகப் பேசி வையுங்கள் என்று இருந்தது. ரேவதி படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "நீயே பேசு. நீ ஆரம்பிச்சது" என்றாள்.

ஆதிரை மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அது வெறும் பயிற்சிதான், வேண்டாமென்றால் அன்று விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றேன். போவதாகச் சொன்னாள். பிறகு, ஓராண்டாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். அன்று நான் சொல்லிக் கொடுத்தது தப்பு. என் குரல் கேட்டால், நான் கூப்பிட்டால், நீ வரலாம்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நிஜமா ஒரு நாள் நடந்தா, நீங்க ஸ்கூலுக்கு வராதீங்கப்பா."

"ஏம்மா?"

"இந்தத் தடவ நீங்க கூப்பிட்டா நான் திறந்துடுவேன். உள்ள மத்த பசங்களும் இருப்பாங்க இல்ல?"

வர மாட்டேன் என்றேன். அவள் விடவில்லை. கையைப் பிடித்து இரண்டு முறை சொல்ல வைத்தாள். பிறகு கணக்கைத் தொடர்ந்தாள்.

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போனேன். நகராட்சிக் குடிநீர் ஆய்வகத்தில் என் வேலை. பத்து மணிக்கு மேசையில் ஒரு குடுவை இருந்தது, அதைத் தொடாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கார் சாவி பையில் இருந்தது. பள்ளிக்கு ஆறு நிமிடம். போகவில்லை. பத்தரைக்குப் பள்ளியிலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் மின்னஞ்சல் வந்தது. பயிற்சி சிறப்பாக முடிந்தது, எந்த வகுப்பிலிருந்தும் ஒரு சிறு சத்தம்கூட எழவில்லை, பெற்றோர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.